சிக்காகோ முதல் மினியாபோலிஸ் வரை: சாட்சிகள் வாழும் தெருக்கள்

அக்டோபர் 18, 2024, வெள்ளி: மன்ரோ தெரு

மேடிசன் சாலையில் ஓடும் 20ஆம் எண் பேருந்திலிருந்து இறங்கித் தெற்கே ஒரு தெரு நடந்தால் மன்ரோ தெரு வந்துவிடுகிறது. சிக்காகோவின் குளிரைப் பற்றிப் பலரும் பயமுறுத்தியிருந்ததால் கனத்த கம்பளிச் சட்டையோடு வந்திருந்தேன். வெயிலோ சித்திரை மாதத்துக் காலை போல அடித்தது. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு 2337ஆம் எண்ணைத் தேடினேன். 1969இல் அங்கிருந்த வீடு இப்போது இல்லை. பின்னாளில் எழுந்த வீடுகளும், அவற்றின் முன் வரிசையாக நிற்கும் கார்களும், வாசலில் பரவிக் கிடக்கும் மஞ்சள் இலைகளும்தான் இருக்கின்றன.

அந்த ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி விடியுமுன், மாவட்ட அரசு வழக்குரைஞர் எட்வர்ட் ஹான்ரஹனின் கீழ் இயங்கிய 14 போலீசார் இந்த முகவரியில் இருந்த வீட்டுக்குள் சுட்டுக்கொண்டே நுழைந்தார்கள். கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் இல்லினாய் கிளையை வழிநடத்திய ஃபிரெட் ஹாம்ப்டன், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த தம் துணைவியின் அருகில் படுத்திருந்த நிலையிலேயே சுடப்பட்டு, கொல்லப்பட்டார். அவருக்கு வயது 21. முன்னறையில் காவலுக்கு இருந்த மார்க் கிளார்க்குக்கு 22. கட்சிக்குள் ஊடுருவியிருந்த எஃப்.பி.ஐ. உளவாளி ஒருவர், கட்டில் எங்கே கிடக்கிறது என்பதுவரை குறித்து வீட்டின் வரைபடத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தார். கடுமையான துப்பாக்கிச் சண்டை நடந்தது என்று ஹான்ரஹன் அறிவித்தார். பின்னர் நடந்த கூட்டரசு விசாரணையில், போலீசார் சுட்ட குண்டுகள் எண்பதுக்கும் மேல் என்றும், உள்ளிருந்து வந்தது ஒரே ஒரு குண்டு என்றும் தெரியவந்தது.

போலீசார் அந்த வீட்டுக்கு முத்திரை வைக்காமல் போய்விட்டார்கள். கட்சித் தோழர்கள் கதவைத் திறந்துவிட, அக்கம்பக்கத்தார் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று உள்ளே போய்ச் சுவரையும் மெத்தையையும் பார்த்தார்கள். உள்ளிருந்தவர்கள் சுட்டதற்கு ஆதாரம் என்று சொல்லி ஹான்ரஹன் தரப்பு நாளேடு ஒன்றுக்குக் கொடுத்த படங்களில் குண்டு துளைத்த ஓட்டைகளாகக் காட்டப்பட்டவை உண்மையில் ஆணித் தலைகள் என்பதை, நேரில் போய்ப் பார்த்த செய்தியாளர்கள் வெளியிட்டார்கள். வரிசையில் வந்த மூதாட்டி ஒருவர், தெற்கே கறுப்பினத்தவரைக் கும்பல் சேர்ந்து தூக்கிலிடுவார்களே, இது அதன் வடக்கத்தி வடிவம்தான் என்று சொன்னதைப் பல வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன.

இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவரிடம் தயங்கித் தயங்கித்தான் பேச்சுக் கொடுத்தேன். துடைப்பத்தை மதிலில் சாய்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சிறுவனாக இருந்தபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் தாமும் நின்றதாகச் சொன்னார். சுவரைவிட அவர் நினைவில் தங்கியிருப்பது வரிசையின் அமைதி. “தேவாலயத்தில்கூட நாங்கள் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை” என்றார். ஹாம்ப்டன் தொடங்கிவைத்த இலவசக் காலை உணவுத் திட்டத்தில் தாமும் சாப்பிட்டதாகவும், பள்ளிக்குப் போகுமுன் முட்டையும் கஞ்சியும் கிடைத்ததாகவும் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவரும், வெள்ளை ஏழைகளின் இளம் தேசபக்தர் அமைப்பையும் புவேர்ட்டோ ரிக்கர்களின் இளம் பிரபுக்கள் அமைப்பையும் ஒரே கூட்டணியில் சேர்த்தவரும் ஒருவரே என்பதை நினைத்தால், அந்த வரைபடம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. குடும்பங்களும் தப்பிப் பிழைத்தவர்களும் தொடுத்த வழக்கு 1982இல் 18.5 லட்சம் டாலர் இழப்பீட்டோடு முடிந்தது. கொலைக்காக ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை.

அக்டோபர் 19, சனி: தெற்குப் பகுதி

புல்மன் என்பது தொடர்வண்டிப் பெட்டி செய்யும் தொழிற்சாலைக்காகக் கட்டப்பட்ட செங்கல் ஊர். அதன் கடிகாரக் கோபுரத்தைப் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள். நான் வந்தது 111ஆம் தெருவிலுள்ள காவல் கட்டடத்தைப் பார்ப்பதற்காக. இரண்டாம் வட்டார விசாரணைப் பிரிவு, முன்பிருந்த 91ஆம் தெருக் கட்டடத்திலிருந்து 1980களில் இங்கு மாறியது. 1972 முதல் 1991 வரை, ஜான் பர்ஜ் என்ற அதிகாரியும் அவருக்குக் கீழிருந்த துப்பறிவாளர்களும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை, கிட்டத்தட்ட அனைவரும் கறுப்பின ஆண்கள், வதைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். கையால் சுழற்றும் மின்னாக்கிப் பெட்டியிலிருந்து காதிலும் பிறப்புறுப்பிலும் மின்சாரம் பாய்ச்சினார்கள். தட்டச்சுப் பொறியின் பிளாஸ்டிக் உறையைத் தலையில் கவிழ்த்து மூச்சை நிறுத்தினார்கள். வாயில் துப்பாக்கியை வைத்து விசையை இழுத்தார்கள். பர்ஜ் வியட்நாம் போரில் இராணுவப் போலீசாக இருந்தவர்.

1982 பிப்ரவரியில், இரண்டு போலீசாரைக் கொன்ற குற்றத்துக்காக ஆண்ட்ரூ வில்சன் கைதானார். அவரைச் சோதித்த சிறை மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஜான் ராபா, உடம்பிலிருந்த காயங்களையும் கொப்புளங்களையும் ஒன்றுவிடாமல் குறித்து, மின்சாரம் பாய்ச்சியதாகக் கைதி கூறுவதையும் சேர்த்து, முழு விசாரணை வேண்டுமென்று நகரக் காவல் தலைவருக்குக் கடிதம் எழுதினார். காவல் தலைவர் அதை அப்போதைய மாவட்ட அரசு வழக்குரைஞர் ரிச்சர்ட் எம். டேலிக்கு அனுப்பினார். வதைத்தவர்கள்மீது வழக்கு எதுவும் வரவில்லை. டேலி பின்னர் 22 ஆண்டுகள் மேயராக இருந்தார். வில்சன் கொலையாளிதானே என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. ஆம், அந்தக் குற்றம் நீதிமன்றத்தில் நிரூபணமானது. சூடான நீராவிக் குழாயில் அவர் நெஞ்சை வைத்து அழுத்திய கைகளுக்கு அது உரிமம் ஆகாது. அதே கைகள் எழுதிவாங்கிய வாக்குமூலங்களால் குற்றமே செய்யாத பலரும் மரண தண்டனைக் கொட்டடிக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் நால்வரை 2003 ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் ரையன் குற்றமற்றவர்கள் என்று கூறி மன்னிப்பு அளித்தார்.

மதியம் 75ஆம் தெருவுக்கு வந்து, கறுப்பினச் சமூகத்தார் பல்லாண்டுகளாக நடத்திவரும் சைவ உணவகம் ஒன்றில் உட்கார்ந்தேன். எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்த காலிஃபிளவர், வெண்ணெயில்லாத சோளரொட்டி, வேகவைத்த கீரை என எல்லாம் சேர்த்து 17 டாலர். நம் ஊர்க் கணக்கில் அதிகம்தான், ஆனால் வயிறு நிறைந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார், நான் கீரையை ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துத் தம் தட்டிலிருந்த மிளகாய்க் காடியை என் பக்கம் நகர்த்திவைத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர். பர்ஜின் வதைகளைப் பற்றிய பாடத்தைத் தாமே எட்டாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறார்.

அந்தப் பாடம் வந்த கதையை அவர் வாயால் கேட்டது இந்தப் பயணத்தில் நான் பெற்ற பெரும்பேறு. சிறையிலிருந்த மகன்களின் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டார்கள். 1989இல் வில்சனின் வழக்கு நடந்தபோது, காவல் துறைக்குள்ளிருந்தே யாரோ பெயரிடாத கடிதங்களை வழக்குரைஞர்களுக்கு அனுப்பி, வேறு யார் யார் வதைபட்டார்கள் என்பதற்குத் துப்புக் கொடுத்தார். பர்ஜ் 1993இல் வேலையிழந்தார். வதைக்கான வழக்குக் காலக்கெடு கடந்துவிட்டதால், 2010இல் பொய்ச் சத்தியத்துக்காகவும் நீதியைத் தடுத்ததற்காகவும் மட்டுமே அவரைக் குற்றவாளியாக்க முடிந்தது. தண்டனை நாலரை ஆண்டு. அத்தோடு நின்றுவிடாமல், பிழைத்தவர்களும் வழக்குரைஞர்களும் கலைஞர்களும் சேர்ந்து ஈடுசெய் சட்டம் ஒன்றைத் தாங்களே எழுதினார்கள். 2014 நவம்பரில் எட்டு இளைஞர்கள் ஜெனீவா சென்று, ஐ.நா.வின் வதைத் தடுப்புக் குழுவின் முன் சிக்காகோ போலீசின் கணக்கை வைத்தார்கள். 2015 மே 6ஆம் தேதி நகர மன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது: 55 லட்சம் டாலர் நிதி, வெளிப்படையான மன்னிப்பு, நகரக் கல்லூரிகளில் இலவசப் படிப்பு, மனநல மையம், எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பாடம், ஒரு நினைவுச் சின்னம். அமெரிக்க நகரம் ஒன்று போலீசின் இனவெறி வன்முறைக்கு இவ்வாறு ஈடுசெய்தது அதுவே முதன்முறை.

“பிள்ளைகள் என்ன கேட்டார்கள்?” என்றேன். “அந்த மருத்துவர் கடிதம் எழுதிய பிறகும் ஏன் ஒன்பது வருடம் நடந்தது என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. கடிதம் யார் யார் மேசைக்குப் போனது என்று கரும்பலகையில் எழுதினேன்” என்றார். நினைவுச் சின்னத்தின் வடிவம் 2019இலேயே தேர்வாகியும் இன்னும் கட்டி முடியவில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கோபம் தெரிந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு: புலாஸ்கி சாலை

லக்குவான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுச் சிறுவன் சுடப்பட்டு இன்றோடு பத்தாண்டுகள். ஆரஞ்சுத் தடத்தின் புலாஸ்கி நிலையத்தில் இறங்கி வடக்கே 41ஆம் தெருவை நோக்கி நடந்தேன். இருபுறமும் கிடங்குகள், கம்பி வேலிகள், லாரிகள், நடப்பவர் யாருமில்லை. பாதி வழியில் வலது காலணியின் அடித்தோல் வாய் பிளந்துவிட்டது. இந்தப் பகுதியில் மெக்சிகோக்காரர்கள் அதிகம். சாலையோரத்தில் குளிர்பெட்டி வைத்து டமாலே விற்ற பெண், நான் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து, கேட்காமலே தடித்த ஒட்டுநாடாவை எடுத்து நீட்டினார். காசு வாங்க மறுத்ததால், சோளமாவில் மிளகாயும் பாலாடைக்கட்டியும் பொதிந்து சோளத்தோலில் அவித்த டமாலே இரண்டு வாங்கினேன். நாலு டாலர். கை சுடச்சுட அதை உரித்துத் தின்றபடி மீதித் தூரத்தைக் கடந்தேன்.

கத்தியோடு போலீசாரை நோக்கிப் பாய்ந்தான் என்பதுதான் அன்றிரவு சொல்லப்பட்ட கதை. பிணக்கூறாய்வு 16 குண்டுக் காயங்களைக் கண்டது. காவல் வண்டியின் கேமராவோ, சிறுவன் போலீசாரை விட்டு விலகி நடப்பதையும், விழுந்த பின்னும் ஜேசன் வான் டைக் என்ற அதிகாரி சுட்டுக்கொண்டே இருப்பதையும் பதிவு செய்திருந்தது. வழக்கு போடுமுன்பே நகரம் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தது. படத்தை மட்டும் வெளியிடவில்லை. தனித்து இயங்கும் பத்திரிகையாளர் ஒருவர் நீதிமன்றம் சென்று வென்ற பிறகே, 400 நாள் கழித்து, 2015 நவம்பர் 24 அன்று அது வெளிவந்தது. அந்த வாரமே, ஆண்டிலேயே அதிக வியாபாரம் நடக்கும் வெள்ளிக்கிழமையில், இளைஞர்கள் மிச்சிகன் அவென்யூவின் கடை வாசல்களை மறித்து “பதினாறு குண்டு, ஒரு மூடிமறைப்பு” என்று முழங்கினார்கள். காவல் தலைவர் பதவியிழந்தார். குற்றச்சாட்டைத் தள்ளிப்போட்ட அரசு வழக்குரைஞரை எதிர்த்துக் கறுப்பின இளம்பெண்கள் வீடுவீடாகப் பிரசாரம் செய்தார்கள். 2016 மார்ச்சில் அவர் தோற்றார். வான் டைக் 2018இல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 81 மாதத் தண்டனையில் பாதிக்கும் குறைவாகவே அனுபவித்துவிட்டு 2022 பிப்ரவரியில் வெளியே வந்தார்.

நான் நின்ற நேரத்தில் அங்கே வேறு யாருமில்லை. வண்டிகள் அந்த இடத்தின்மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

அக்டோபர் 21, திங்கள்: தொடர்வண்டியில்

இரண்டு மணி நேரத்துக்கும் மேலான தாமதம், ஐந்து டாலர் கொடுத்தும் ஆறிப்போய்க் கிடைத்த காபி, சன்னல் வழியே மிசிசிப்பி ஆறு. இரவு செயின்ட் பாலில் இறங்கியபோது அறைச் சாவி தரவேண்டியவர் தூங்கப் போயிருந்தார். அவரை எழுப்பி உள்ளே நுழைய நள்ளிரவாகிவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்: 38ஆம் தெருவும் சிக்காகோ அவென்யூவும்

மினியாபோலிஸ் நகரில், சிக்காகோ என்ற பெயருள்ள சாலையில்தான் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தார். பேருந்திலிருந்து இறங்கியதுமே நாற்சந்தியின் நடுவில் ஓங்கிய கைமுட்டிச் சிலை தெரிகிறது. ஒரு மூலையில் கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையம், இப்போது மக்கள் கூடும் இடம். எதிர் மூலையில் அந்தக் கடை, இப்போது வேறு பெயரில். கள்ளநோட்டு என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு 20 டாலர் தாளுக்காகத்தான் 2020 மே 25ஆம் தேதி இங்கிருந்து போலீசுக்கு அழைப்பு போனது. கடை வாசலை அடுத்த தார்ச்சாலையில், டெரெக் ஷோவின் என்ற போலீஸ் அதிகாரி 9 நிமிடம் 29 நொடி ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்த இடத்தில், பூக்களும் பொம்மைகளும் கைப்பட எழுதிய அட்டைகளும் இருக்கின்றன. சாலையின் நீளத்துக்கு, போலீசால் உயிரிழந்தவர்களின் பெயர்கள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. மிதிக்காமல் நடப்பதற்காக எல்லோரும் ஓரமாகவே ஒதுங்கிப் போகிறார்கள்.

காலை எட்டு மணிக் கூட்டத்துக்கு நான் போனபோது, நெருப்புச் சட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். 2020இலிருந்து இப்படிக் கூடிவருகிறார்கள். யார் என்று கேட்குமுன் கையில் காபியைத் திணித்தார்கள். அன்று பேசியது பெரிய அரசியல் அல்ல: குப்பை அள்ளுவது யார் முறை, ஒரு மூதாட்டிக்கு வெப்பமூட்டும் கருவி பழுது, சந்திப்பை நகரம் எப்படி மாற்றியமைக்கப் போகிறது என்பதில் சண்டை. கடைக்காரர் ஒருவர், வண்டிப் போக்குவரத்துத் தடைபட்டதால் தம் வியாபாரம் படுத்துவிட்டதைக் கசப்போடு சொன்னார். மறுப்பவர்களும் அவரைப் பேசி முடிக்கவிட்டார்கள். அமெரிக்க அரசின் நீதித் துறை 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, இந்நகரப் போலீஸ் கறுப்பினத்தவரையும் பழங்குடியினரையும் பாகுபாடு காட்டி நடத்துவதாக உறுதிசெய்தது. அதையொட்டிய நீதிமன்ற உடன்பாடு அன்றுவரை வந்திருக்கவில்லை, அதிபர் தேர்தலுக்கோ இரண்டு வாரமே இருந்தது. அந்தக் கவலையை அங்கே யாரும் மறைக்கவில்லை.

காணிக்கைப் பொருள்களைப் பராமரிக்கும் தன்னார்வலர் ஒருவரோடு சிறிது நேரம் இருந்தேன். இங்கே யாரோ வைத்த எதையும் குப்பையில் போடுவதில்லை என்பது அவர்கள் விதி. மழையில் நனைந்த அட்டையைப் பிரித்து, உலர்த்தி, பூச்சி நீக்கி, பெட்டியிலிட்டுப் பாதுகாக்கிறார்கள். குழந்தையின் கையெழுத்தில் எழுத்துப் பிழையோடு இருந்த ஓர் அட்டையின் மடிந்த மூலையை, அவர் விரல் நுனியால் மெல்ல நிமிர்த்தி, இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்தார். இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபிளாய்ட் இறந்த இரவு போலீஸ் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு, காவல் நடவடிக்கையின்போது மருத்துவக் கோளாறால் ஒருவர் இறந்தார் என்றே இருந்தது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஒன்பது வயது உறவுச் சிறுமியோடு தின்பண்டம் வாங்க வந்த டார்னெல்லா ஃபிரேசியர் என்ற 17 வயதுப் பெண் தன் கைப்பேசியைக் கீழே இறக்காமல் நின்றிராவிட்டால் அந்த அறிக்கையே வரலாறாகியிருக்கும். அவருக்குப் புலிட்சர் குழு 2021இல் சிறப்பு விருது அளித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 20 அன்று ஷோவின் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது.

இந்த நகரத்தில் போலீசைக் கண்காணிப்பது புதிதல்ல. 1968இல் ஃபிராங்க்ளின் அவென்யூவில், பழங்குடி மக்களைப் போலீசார் அடித்து அள்ளிச் செல்வதைத் தடுக்க, அமெரிக்க இந்தியர் இயக்கம் தொடங்கிய ரோந்துதான் முன்னோடி. 2015 நவம்பரில் ஜமார் கிளார்க் என்ற கறுப்பின இளைஞர் போலீசாரால் சுடப்பட்டபோது, பிளிமத் அவென்யூக் காவல் நிலையத்தின் வாசலில் மக்கள் 18 நாள் கூடாரமடித்து, நெருப்பு மூட்டிச் சமைத்து இருந்தார்கள். வெள்ளை இனவெறியர் சிலர் வந்து ஐவரைச் சுட்ட பின்னும் கலையவில்லை.

அக்டோபர் 23, புதன்: லேக் தெரு, ஃபால்கன் ஹைட்ஸ்

ஃபிளாய்டின் மரணத்தையொட்டிய போராட்டத்தில் 2020 மே 28 இரவு எரிந்த மூன்றாம் சரகக் காவல் நிலையம் வேலிக்குப் பின்னால் நிற்கிறது. அதனருகே காந்தி மஹால் என்ற உணவகமும் அந்தத் தீயில் போனது. உரிமையாளர் வங்கதேசத்திலிருந்து வந்த ரூஹெல் இஸ்லாம். காயம்பட்ட போராட்டக்காரர்களுக்கு மருந்து கட்ட உணவகத்தைத் திறந்துவிட்டிருந்த அவர், கட்டடம் எரிந்தால் எரியட்டும், நீதி கிடைக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னதை அவர் மகள் எழுதி வெளியிட்டார். வாழ்நாள் சேமிப்பு கண்முன் எரியும்போது அப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? கலவரத்தில் கடை இழந்த மற்றவர்களின் கண்ணீரும் உண்மையே. அதை ஒதுக்கிவிட்டு இந்தச் சொல்லை மட்டும் கொண்டாடுவது அறமாகாது.

மாலையில் லார்பென்டர் அவென்யூவுக்குப் போனேன். 2016 ஜூலை 6ஆம் தேதி, பின்விளக்கு எரியவில்லை என்று ஃபிலாண்டோ கஸ்டீலின் காரை நிறுத்திய அதிகாரி, தம்மிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பதாக அவர் மரியாதையோடு சொன்னதும் ஏழு முறை சுட்டார். காரில் அவருடைய தோழியும், பின்னிருக்கையில் நான்கு வயதுச் சிறுமியும் இருந்தார்கள். தோழி அந்தக் கணமே நேரலையில் உலகுக்குக் காட்டினார். 32 வயதுக்குள் கஸ்டீலைப் போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியது நாற்பதுக்கும் மேற்பட்ட முறை. அதிகாரி 2017 ஜூனில் விடுதலையானார். வேலையிலிருந்து விலக அவருக்கு 48,500 டாலர் தரப்பட்டது.

அங்கே இப்போது ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. களை பறித்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்மணி, கஸ்டீல் வேலை பார்த்த பள்ளியில் தம் மகன் படித்ததாகச் சொன்னார். பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளரான அவர், எந்தக் குழந்தைக்குப் பால் ஆகாது என்பதை மனப்பாடமாக வைத்திருந்தவர். காசில்லாத பிள்ளைக்குத் தம் பையிலிருந்து கொடுத்தவர். அவர் பெயரில் திரட்டிய நிதி செயின்ட் பால் பள்ளிகளின் உணவுக் கடன்களை அடைத்தது. 2023இல் மினசோட்டா மாநிலம் எல்லா மாணவர்க்கும் காலையும் மதியமும் இலவச உணவு என்று சட்டமே இயற்றிவிட்டது.

இருட்டியதும் என்னை நிலையம்வரை கொண்டுவிடுவதாகச் சொல்லி அவர் காரைத் திறந்தார். ஏறுமுன், வண்டியை இயக்கி, விளக்கைப் போட்டு, பின்பக்கம் சென்று இரண்டு பின்விளக்குகளையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். 2021இல் இந்த மாவட்டத்தின் அரசு வழக்குரைஞர், கஸ்டீலின் தாயார் வலெரி போன்றோரின் விடாத வற்புறுத்தலுக்குப் பின், இப்படிப்பட்ட சில்லறைக் காரணங்களுக்காக வண்டியை நிறுத்திக் கண்டெடுக்கும் வழக்குகளைப் பெரும்பாலும் நடத்துவதில்லை என்று அறிவித்ததை நான் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். “நல்ல அறிவிப்புதான், அதற்காக நாங்களும் கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்தோம். ஆனால் அது சட்டமில்லை, அந்த வழக்குரைஞரின் முடிவு. அடுத்து வருபவர் மாற்றலாம். பக்கத்து மாவட்டத்தில் அதுவும் கிடையாது. என் மகன் அங்கேதான் வேலைக்குப் போகிறான்” என்றார்.